அசையாத இரண்டு புள்ளி நான்கு

பௌர்ணமி காலை ஒன்பது இருபது. செங்கம் சாலை மாடி அறையில் உஸ்மா கணினி முன் உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒரே எண்தான் நின்றது: 2.4.

டவுனில் உள்ள ஒரு குழந்தைகள் கிளினிக்கின் தடுப்பூசி பிரிட்ஜ் அனுப்பும் வெப்பநிலை அது. இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்கவேண்டும். அளக்கும் கருவிக்கு சி மொழியில் நிரல் எழுதியவள் உஸ்மா. பிள்ளைக்கு ஒரு வயது ஆனதும் வேலைக்குத் திரும்பியவள். கெட்டிக்காரி, அதைத் தானே சொல்லிக்கொள்வதிலும் கஞ்சத்தனம் கிடையாது.

நேற்று இரவிலிருந்து 2.4. காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்து மருந்தை எண்ணியதாக நர்ஸ் மணிமொழி பதிந்திருந்தாள். கதவைத் திறந்தும் அசையாத வெப்பநிலை எந்த ஊரில் உண்டு? பத்து மணிக்கு அங்கே தடுப்பூசி கேம்ப் ஆரம்பிக்கும்.

நிரலைத் திறந்தாள். தசம எண்ணைக் கணினி முப்பத்திரண்டு அறைகளில் வைத்துக்கொள்கிறது. முதல் அறை எண் கூட்டலா கழித்தலா என்று சொல்லும். அடுத்த எட்டு அறைகளில் அடுக்கு, அதாவது எண் எவ்வளவு பெரியது என்ற கணக்கு, நூற்று இருபத்தேழு கூட்டி வைத்தபடி. மீதி இருபத்து மூன்றில் இலக்கங்கள். மின்கலத்தில் ஓடும் சின்னச் சில்லு அது, அரை மணிக்கு ஒருமுறைதான் அளக்கும், பெரிய கணக்கைத் தாங்காது. அதனால் இருபத்து மூன்று இடம் வலப்பக்கம் தள்ளி, நூற்று இருபத்தேழைக் கழித்து, அடுக்கை மட்டும் உருவிக்கொண்டாள். அது ஏழுக்கு மேல் வந்தால் நம்பமுடியாத சூடு, சென்சாரின் ஒயர் அறுந்துவிட்டது என்று பொருள். புது அளவைத் தள்ளிவிட்டுப் பழையதையே காட்டு என்று எழுதியிருந்தாள்.

பூஜ்யத்துக்குக் கீழே போயிருந்தால்? தாளில் கழித்தல் 2.4-ஐப் போட்டுப் பார்த்தாள். அடுக்கு 1 என்று வரவேண்டும். இருநூற்று ஐம்பத்தேழு வந்தது. உறையும் குளிரை அறுந்த ஒயர் என்று எடுத்துக்கொண்டு கருவி பழைய அளவையே காட்டியிருக்கிறது. முதல் அறையிலிருந்த கழித்தல் குறியும் சேர்ந்து தள்ளப்பட்டிருந்தது. எட்டு அறைகளைத் தவிர மற்றதை வெட்டிவிடும் ஒரே ஒரு வரியை அவள் எழுதவில்லை.

எப்படி எழுதுவாள்? கொதிக்கும் தண்ணீரில் சோதித்தாள். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் வைத்தாள். ஐஸ் தண்ணீரில் போட்டாள், 0.6 காட்டியது. அதற்குக் கீழே ஒரு குளிர் உண்டு என்ற நினைப்பே இந்த அனல் ஊர்க்காரிக்கு வரவில்லை. அந்த மருந்துகளுக்கோ சூட்டைவிட உறைவதுதான் எமன்.

முதலாளி சரவணகுமாரைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"கேம்ப் முடியட்டும்மா, அப்புறம் பாத்துக்கலாம். நம்ம மிஷின்லதான் தப்புனு நாமளே போய் சொல்லணுமா?"

"கொழந்தைங்க சார்," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

கிளினிக் எண் பிஸி. மறுபடியும் பிஸி. கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ நுழையாது, ஓடினாலும் அரை மணி ஆகும். நான்காவது முறை மணிமொழி எடுத்தாள்.

"சொல்லுங்க மேடம். பௌர்ணமினு எல்லாரும் சீக்கிரமே வந்துட்டாங்க. மொத கொழந்தைக்கு மருந்த எடுக்கப் போறேன்."

"போடாதீங்க சிஸ்டர்! பாட்டில வெளிச்சத்துல புடிச்சிப் பாருங்க."

பிரிட்ஜ் கதவு திறக்கும் ஓசை கேட்டது. பிறகு கண்ணாடிக் குப்பிகள் உரசும் ஓசை.

"கல்லாட்டம் இருக்கு மேடம்."

உஸ்மா நாற்காலியில் சாய்ந்தாள். உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது.

"மேடம்," மணிமொழியின் குரல் இறங்கியிருந்தது. "அப்போ புதன்கிழம போட்டது?"

உஸ்மா பழைய பதிவுகளைப் புரட்டினாள். செவ்வாய் இரவு ஒன்பதரையிலிருந்து விடியும்வரை 2.6, அசையவே இல்லை. பிறகு மெல்ல ஏறியிருந்தது. மருந்து இரவில் உறைந்து, காலையில் உருகி, பார்வைக்கு நல்ல மருந்தாக உட்கார்ந்திருக்கிறது. அன்று அதைப் போட்டுக்கொண்டது முப்பத்தொரு குழந்தைகள்.

"லிஸ்ட் அனுப்புங்க சிஸ்டர். நானே கூப்பிட்டுச் சொல்றேன்."

முதல் பெயர் கீழ்பென்னாத்தூரில் ஓர் அம்மா. உஸ்மா மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

"புதன்கிழம போட்ட ஊசி வேல செய்யாதுங்க. மறுபடி போடணும். தப்பு என்னுதுதாங்க."

மறுமுனையில் குழந்தையின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"ஜுரம்கூட வரலியே மேடம்," என்றாள் அந்த அம்மா. "நல்ல ஊசினு தெருவெல்லாம் சொல்லி, நாலு பேர அங்கயே அனுப்பிவெச்சேனே."