கப்புக்குப் பின்னால் ஒரு முகம்

தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நான் வேலை பார்க்கிற கம்ப்யூட்டர் சென்டருக்கு இன்று ஒரு பள்ளிக்கூடத்தின் வெப்சைட் வேலை வந்தது. ஒன்பதாம் வகுப்போடு நான் நின்றுவிட்ட அதே பள்ளிக்கூடம். சென்டரை நடத்துகிற அக்காவிடம் அதைச் சொல்லவில்லை.

வேலை சுலபம்தான். ஒவ்வொரு பக்கத்துக்கும், படத்தில் இருப்பவர்களின் பெயர்களை அதற்கென்று இருக்கிற ப்ளக்இன் மென்பொருளில் டேக்காக, அதாவது தேடுவதற்கான அடையாளமாகப் போட வேண்டும். பிறகு ஒருவரின் பெயரைத் தட்டினால், அவர் இருக்கிற பக்கங்கள் எல்லாம் ஒன்றாக வரும்.

மதியம் எங்கள் கோ-கோ அணி ஜெயித்துக் கப் வாங்கிய படம் வந்தது. நிற்பது ஒன்பது பேர். கீழே எட்டுப் பெயர்கள்தான்.

அந்த மைதானத்துச் செம்மண் புழுதி மறுபடி மூக்கில் ஏறியது போலிருந்தது. முழங்கால் தழும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

அக்கா எட்டிப் பார்த்தார். "கப்பால மூஞ்சிய மறைச்சிக்கிட்டு நிக்குதே, இந்தப் புள்ள யாரு? பேரே போடல. ஸ்கூலுக்கு போன் போட்டுக் கேளு."

போனை எடுத்தேன். நம்பரைப் பாதி அழுத்திவிட்டு வைத்துவிட்டேன்.

"நான்தான்க்கா."

"அடிப்பாவி! அப்பவே இப்படித்தான் ஒளிஞ்சிக்குவியா? போடு உம்பேர."

போட்டேன். அக்கா டீ வாங்கப் போனதும் ஒவ்வொரு பெயராகத் தட்டிப் பார்த்தேன். அணியில் என்னோடு ஆடிய ஷாலினிக்குப் பத்தாம் வகுப்புப் பிரிவு உபசார விழா வரை ஏழு பக்கங்கள் வருகின்றன. எனக்கு ஒன்றே ஒன்று.

ஆனால் அந்த ஒன்றில் கப் என் கையில்தான் இருக்கிறது. அது நானில்லையென்று சொல்ல நினைத்தால், மற்ற எட்டுப் பேரும் கமெண்டில் வந்து சொல்லட்டும்.