ஓரகத்தியின் கறுப்புத் திரை

என் ஓரகத்திக்கு வேலை வாங்கிக் கொடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் இப்போது யாரும் அதைச் சொல்வதில்லை. என் கணவரின் தம்பியைக் கட்டிக்கொண்டு கோலாலம்பூரிலிருந்து புக்கிட் காத்திலுக்கு வந்தவள், படித்த படிப்புக்கு மலாக்காவில் வேலை கிடைக்கவில்லை என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாவமாக இருந்தது. எங்கள் தவுக்கேயிடம், அதாவது கம்பெனி முதலாளியிடம், நானே போய்ச் சொன்னேன், நம் வீட்டுப் பெண், கம்ப்யூட்டர் படித்தவள், எனக்குக் கையாளாக இருக்கட்டும் என்று. சீனர் என்றாலும் எங்கள் தவுக்கே குடும்பம் கோத்திரமெல்லாம் பார்ப்பவர். மறுவாரமே எடுத்துக்கொண்டார்.

எங்கள் கம்பெனி உறைய வைத்த மீன், இறால், கோழி, ஐஸ் எல்லாம் சப்ளை செய்வது. உம்பாயில் மீன் சுடும் கடைகளிலிருந்து மஸ்ஜித் தானா மளிகைக் கடைகள் வரை எங்கள் லாரி போகும். கடைக்காரர்கள் போனில் தட்டும் ஆர்டர் முதலில் சர்வருக்கு வரும், அங்கிருந்துதான் லாரி டிரைவருக்குப் போகும். சர்வர் என்றால் எங்கள் ஆபீசில் இருப்பதில்லை. சிங்கப்பூரில் எங்கேயோ ஒரு பெரிய கம்பெனியின் கட்டடத்தில் இருக்கிறது, நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கிறோம். கிளைக்கு ஒன்று. அத்தனையையும் இங்கே மேசையில் உட்கார்ந்தபடி ஒரு வெப் பக்கத்தில் நான் பார்த்துக்கொள்வேன். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பொத்தானை அழுத்தி, நிச்சயமா என்று கேட்டால் ஆமாம் என்று அழுத்தி, பச்சை நிறம் வரும்வரை காத்திருந்து, அப்புறம் அடுத்ததற்குப் போக வேண்டும். மலாய்க்கார டிரைவர்கள்கூட என்னை ‘அக்கா சர்வர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்க நன்றாக இருக்கும்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. புது சர்வர் எதையும் ராகு காலத்தில் தொடங்க மாட்டேன். காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பேன். தவுக்கே இதற்கு ஒரு நாளும் சிரித்ததில்லை. குளிர் அறைக்கு ஒரு கதவு மாற்றுவதாக இருந்தால்கூட அவர் தன் சீனக் காலண்டரைப் புரட்டுகிற ஆள்.

அவள் வந்த புதிதில் இதையெல்லாம் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். மாதக் கடைசி வந்தது. அன்றைக்கு ஒவ்வொரு சர்வரையும் பிரதி எடுத்து, நிறுத்தி, மறுபடி தொடங்க வேண்டும். காலைத் தேநீர் நேரத்தில் இந்த வேலைக்கு உட்கார்ந்தால் மதியச் சாப்பாடு ஆறிப்போகும். நான் மூன்றாவது கிளையின் சர்வரில் இருந்தபோது, நான் ஒரு தடவை செய்து பார்க்கட்டுமா அக்கா என்று கேட்டாள். செய்யேன் என்றேன். அவள் கணினியில் கறுப்பாக ஒரு திரையைத் திறந்தாள். படமில்லை, பொத்தானில்லை. ஒரே ஒரு வரி தட்டினாள். அத்தனை சர்வர்களின் பெயர்களும் மளமளவென்று வந்து நின்றன. இன்னொரு வரி. வேலை முடிந்துவிட்டது. பையிலிருந்து உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிப்பாப்பை எடுத்து எனக்குப் பாதி கொடுத்துவிட்டு, தானும் சாப்பிட ஆரம்பித்தாள்.

அந்தக் கறிப்பாப்பை அப்படியே மேசையில் வைத்துவிட்டேன். வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறென்ன. இத்தனை வருடம் நான் ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிச் செய்ததை இவள், நான் அந்த வரியை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் முடித்துவிட்டாளே என்ற பொறாமை. அதை அவள் பெருமையடித்துக்கொண்டு செய்திருந்தாலாவது திட்டித் தீர்த்திருப்பேன். இந்தக் கமாண்ட் எல்லாம் ஒரு விஷயமே இல்லை அக்கா, நீங்களும் ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம் என்றாள். இன்னும் எரிந்தது.

அதோடு விட்டாளா? அந்த வாடகைக் கம்பெனியே லைப்ரரி என்று முன்கூட்டியே எழுதி வைத்த ப்ரோக்ராம் தொகுப்பு ஒன்றைத் தருகிறதாம். பைத்தான் என்ற கணினி மொழியில் நாம் எழுதும் ப்ரோக்ராமில் அதைச் சேர்த்துக்கொண்டால், மனிதர் யாரும் தட்டாமலே ப்ரோக்ராம் தானாக சர்வர்களிடம் பேசுமாம். ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினாள். எந்த சர்வராவது பதில் சொல்லாமல் படுத்துவிட்டால், அதுவே கண்டுபிடித்து எழுப்பிவிடும். முன்பெல்லாம் சர்வர் படுத்தால் எனக்குத்தான் போன் வரும். பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தாலும், கோவிலில் நின்றாலும் வரும். அலுத்துக்கொள்வேன். இப்போது போன் வருவது நின்றுபோனது. அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டிலும் அவள் கொடிதான் பறந்தது. சின்ன மருமகள் ஒரு வரி எழுதினால் லாரியெல்லாம் ஓடுகிறதாமே என்று மாமியார் எதிர்வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பெரிய மருமகள் எழுதாமலே இத்தனை வருடம் ஓடியதை யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் தவுக்கே அந்த விஷயத்தைச் சொன்னார். ஜொகூரிலும் கிளை திறக்கப் போகிறோம், இனிமேல் எல்லாக் கிளையின் சர்வருக்கும் சேர்த்து ஒரே ஆள் பொறுப்பு, தனி அறை, பதவி. சீனப் பெருநாளுக்கு முன்னால் யார் என்று சொல்கிறேன் என்றார். ஆபீசில் சர்வர் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு அந்த அறை வேண்டும். சமைக்கும்போதும் அதே நினைப்பு, காரோட்டும்போதும் அதே நினைப்பு. அவள் ஏதாவது தப்புச் செய்ய மாட்டாளா என்று காத்திருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை செய்தாள்.

வெள்ளிக்கிழமை காலை என்றால் எங்களுக்கு நெருப்பு மாதிரி. டிரைவர்களில் பாதிப் பேர் மலாய்க்காரர்கள், மதியத் தொழுகைக்கு முன்னால் லாரி போய்த் திரும்பிவிட வேண்டும். அந்த நேரத்தில் மஸ்ஜித் தானா கிளையின் சர்வர் படுத்துவிட்டது. ஆர்டர் ஒன்றும் வெளியே வரவில்லை. லாரிகள் வாசலில் வரிசையாக நின்றன. தானாக எழுப்ப வேண்டிய ப்ரோக்ராம் எழுப்பவில்லை. அவள் லீவில் இருந்தாள், மாமியாரைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தாள். அதுவும் வழக்கமாக நான் செய்கிற காரியம்.

நான் என் பழைய வெப் பக்கத்தைத் திறந்தேன். தேர்ந்தெடுத்தேன், அழுத்தினேன், ஆமாம் என்றேன், பச்சை வந்தது. லாரிகள் கிளம்பின. பின்னால் தவுக்கே வந்து நின்றுகொண்டிருந்தார். அந்தப் ப்ரோக்ராம் என்ன ஆயிற்று என்று கேட்டார். அவளையே கேட்போம் என்று சொல்லி, போனை ஸ்பீக்கரில் போட்டேன். என் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கே கேட்டது.

“உன் ப்ரோக்ராம் ஏன் சர்வர எழுப்பல?” என்றேன்.

“இப்ப மணி என்னக்கா?”

“பதினொன்னு தாண்டிருச்சு.”

“அப்ப ராகு காலம்லா. வெள்ளிக்கிழமை பத்தரைலேர்ந்து பன்னெண்டு. நீங்கதானக்கா சொன்னீங்க, ராகு காலத்துல சர்வர ஸ்டார்ட் பண்ணக்கூடாதுன்னு. ஏழு நாளுக்கும் டைம் பாத்து உள்ள போட்டிருக்கேன்.”

ராகு காலம் பார்ப்பது புதிதாக ஒன்றைத் தொடங்குவதற்கு. ஓடிக்கொண்டிருந்தது நின்றுபோனால் யாராவது நேரம் பார்ப்பார்களா? அடுப்பு அணைந்துவிட்டால் ராகு காலம் முடியட்டும் என்றா உட்கார்ந்திருப்போம்? நம் வீடுகளில் வளர்ந்த எவளுக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. இவள் கோலாலம்பூர் அடுக்குமாடியில் காலண்டரே பார்க்காமல் வளர்ந்தவள், நான் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறாள். அது புது சர்வருக்கு மட்டும்தான் என்று போனிலேயே கத்தினேன். நீங்கள் அதைச் சொல்லவில்லையே அக்கா என்றாள், துளி கோபமில்லாமல்.

தவுக்கே என்ன என்று கேட்டார். மலாயில் விளக்கினேன். ராகு காலம் என்றால் என்ன, அதை இவள் எப்படித் தப்பாகப் புரிந்துகொண்டாள், அதனால்தான் லாரிகள் நின்றன என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ப்ரோக்ராமுக்குள் நல்ல நேரம் கெட்ட நேரமெல்லாம் வைக்க முடியுமா என்று போனைப் பார்த்துக் கேட்டார். அவருடைய சீனக் காலண்டரில் ஆகாத நாட்களையும் வைக்க முடியுமா?

“கேன்லா பாஸ், வச்சிரலாம்,” என்றாள் அவள்.

தவுக்கே சத்தமாகச் சிரித்தார். நான் அந்த ஆபீசில் சேர்ந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்து ஒரு தடவையும் பார்த்ததில்லை. லாரியை நிறுத்தியது அவள், ஓட வைத்தது நான். சிரிப்பு அவளுக்கு.

அடுத்த வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அறை அவளுக்கு என்று சொல்வதற்கு முன்னால் எனக்குத் தேநீர் வரவழைத்தார், அதிலேயே தெரிந்துவிட்டது. எனக்குப் பெரிய மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு, “உனக்கு எல்லாம் தெரியும், அவளுக்கு எல்லாம் எழுதத் தெரியும், நீ சொல்லு, அவள் எழுதட்டும்” என்றார். அந்தத் தனி அறையில் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன், சொன்னேன். உம்பாய் கடைகளுக்குப் பள்ளி விடுமுறைச் சனிக்கிழமைகளில் ஆர்டர் கொட்டும், அன்றைக்கு அந்த சர்வரைப் பெரிதாக்கி வைக்க வேண்டும். வெள்ளி காலையில் மஸ்ஜித் தானாவை யாரும் தொடக்கூடாது. தைப்பூசத்துக்கு மலாக்காவில் பொது விடுமுறை கிடையாது, கோலாலம்பூர் மாதிரி நினைத்துக்கொண்டு சர்வரை நிறுத்திவிடாதே, ஆனால் நம் ஆட்களில் பாதிப் பேர் வர மாட்டார்கள். பிரதி எடுக்கும்போது எந்தக் கிளை முதலில், எது கடைசியில். நான் சொல்லச் சொல்ல அவள் கறுப்புத் திரையில் தட்டிக்கொண்டே போனாள். என்னிடமிருந்து ஒரு விஷயம் போய் அங்கே ஒரு வரியாக உட்கார்ந்தால், அதற்கப்புறம் அதைப் பற்றி என்னை யாரும் கேட்கப் போவதில்லை. தட்டுகிற விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழகான விரல்கள், அதுவும் பொறுக்கவில்லை.

மாலையாகிவிட்டது. வீட்டுக்குப் போகலாமா என்று கேட்பவள் போலத் திரும்பினாள்.

“வேற ஏதாச்சும் இருக்காக்கா?”

யோசித்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தேன்.

“நெறைய இருக்கு,” என்றேன். “நாளைக்குச் சொல்றேன்.”