வாலிபால் கோர்ட்டுக்கும் பாடு

எங்கள் கல்லூரியில் பெண்களுக்கு வாலிபால் அணி இருந்தது. ஆடுவதற்கு இடம்தான் இல்லை. இருந்தது ஒரே ஒரு கோர்ட். வகுப்பு விட்டதும் பையன்கள் அதில் இறங்கினால் இருட்டும்வரை ஏற மாட்டார்கள். "பசங்க முடிச்சதும் நீங்க ஆடுங்கம்மா" என்பார் பி.டி. சார், என்னமோ வரம் கொடுப்பதுபோல. அவர்கள் முடிக்கும் நேரத்தில் பந்து எது, வௌவால் எது என்று தெரியாது. நானோ பழவேற்காட்டுக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து பசியாவரத்துக்குப் படகும் பிடிக்க வேண்டும்.

அதனால் மத்தியானச் சோற்றை அரைகுறையாய் விழுங்கிவிட்டு, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டு வேப்ப மரங்களுக்கு நடுவே துப்பட்டாக்களை முடிச்சுப் போட்டுக் கட்டி ஆடினோம். அப்படி ஆடிவிட்டுப் போனால் என்ன நடக்கும்? போன வருஷம் போட்டியில் முதல் மேட்சிலேயே மண்ணைக் கவ்வினோம். "இந்த வருஷமும் இப்படியே இருந்தீங்கன்னா பொண்ணுங்க டீமை அனுப்ப மாட்டேன். காலேஜ் மானம் போகுது" என்றார் சார். கோர்ட்டைக் கொடுக்காதவருக்கு மானம் மட்டும் வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேப்டன் வேறு நான்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது நைனா, மறுநாள் எங்கள் பாடு என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏரியில் மீன் படும் இடங்களில் ஆளாளுக்கு வலை இறக்கிவிட முடியாது. சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். யார் முறையோ அன்றைக்கு அந்த இடம் அவர்களுடையது, மற்றவன் வலை உள்ளே வரக் கூடாது. அதைத்தான் பாடு என்போம். எனக்குச் சட்டென்று பொறி தட்டியது.

"நைனா, காலேஜ் கோர்ட்டுக்கும் பாடு வெச்சா இன்னா?"

அவருக்குச் சிரிப்பில் புரையேறியது. "ஏரியிலயே பொம்பளைக்குப் பாடு கெடையாது. காலேஜ்ல கேக்கப் போறியா?"

இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறவள் என் அம்மா. ஏரியில் அவளுக்குப் பாடு கிடையாது. "அந்த கோர்ட்டுல இன்னா உங்க வலையா கெடக்குது?" என்று நைனாவை மடக்கிவிட்டு, "நீ போய் கேளுடி" என்றாள்.

போய்க் கேட்டேன். சார் வெளியூர்க்காரர், பாடு என்றதும் முழித்தார். பையன்கள் கேப்டன் பக்கத்தில்தான் நின்றிருந்தான். ஏரிக்கரையில் வேறொரு ஊர், அவன் அப்பாவுக்கும் மீன்பிடிதான். சாருக்குத் தெரியாத விஷயம் தனக்குத் தெரிகிறதென்ற குஷியில், சீட்டு எப்படிப் போடுவார்கள், முறையை மீறினால் என்ன தண்டனை என்று கையை ஆட்டி ஆட்டி அவனே விளக்கினான்.

"அட, நல்ல ஏற்பாடா இருக்கே. அப்படியே வெச்சுக்கலாம். ஒருநாள் நீங்க, ஒருநாள் அவங்க" என்றார் சார்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. திறந்த வாயை மூட மறந்து நின்றான் பாவம். அவன் அணியில் இருந்த திருப்பாலைவனத்துப் பையன்கள் நெல் விளைகிற ஊர்க்காரர்கள், பாடு கீடெல்லாம் அறியாதவர்கள்; "எங்களைக் கேக்காம இன்னாத்துக்குடா வாயைக் குடுத்தே?" என்று அவனை வறுத்தெடுத்துவிட்டார்கள். நாங்கள் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டோம்.

ஒருநாள் விட்டு ஒருநாள், நிஜமான வலைக்கு முன்னால் ஆடினோம். துப்பட்டாவுக்கு மேலே அடித்துப் பழகிய கைக்கு அந்த உயரம் பிடிபடவே நாளாயிற்று. ஆனால் பிடிபட்டுவிட்டது.

அதற்குள் வினை வந்தது. பையன்களுக்கு மறுநாள் மேட்ச், அன்றைக்கோ எங்கள் முறை. "இன்னைக்கு ஒருநாள் விட்டுக்கொடுங்கம்மா, அவங்க ஜெயிக்கிற டீம்" என்றார் சார். ஒருநாள் விட்டால் போயிற்று, அப்புறம் எப்போதும் விட வேண்டியதுதான் என்று எனக்குத் தெரியும். பந்தைக் கையில் பிடித்தபடி கோர்ட்டுக்குள்ளேயே நின்றேன்.

பேசியது பையன்கள் கேப்டன்தான். "வேணாம் சார். இன்னிக்கு அவுங்க பாடு."

"டேய், இது வாலிபால் கோர்ட்டுடா."

"ஒத்துக்கினோம் இல்ல சார். அடுத்தவங்க பாட்டுல எறங்குனேன்னு தெரிஞ்சா எங்க நைனா என்னை ஊட்டுக்குள்ள வுட மாட்டாரு."

அப்புறம் என்னிடம் வந்தான். கோட்டை மிதிக்காமல் வெளியே நின்றான். அதுவரை என்னை "ஏ பொண்ணு" என்றுதான் கூப்பிடுவான். "கேப்டன், நாளிக்கு எங்களுக்கு மேட்ச் கீது. உங்க பாட்டுல எங்களுக்கும் கொஞ்சம் நேரம் குடுப்பீங்களா?"

சாரிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவனிடம் காட்டிக்கொள்வேனா?

"எதிர்ப் பக்கம் வந்து நில்லுங்க. முதல் சர்வீஸ் எங்களுது" என்றேன்.

தோற்றோம். ஆனால் ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் அவர்களை நாக்குத் தள்ள வைத்துத்தான் தோற்றோம். விசிலைக் கையில் வைத்துக்கொண்டு சார் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"போட்டிக்கு எத்தனை பேருக்கும்மா ஜெர்சி வேணும்?"

"பன்னிரண்டு பேருக்கும் சார்" என்றேன். "புதுசா."