ஜன்னல் வைத்த தொடர்கதை

என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே திருட்டு என் மனைவியின் புத்தகத்திலிருந்துதான். அதையும் ஸ்கேல் வைத்து நேராகச் செய்தேன்.

நெய்வேலியில் சுரங்கத்து டிராயிங் ஆபீஸில் நான் டிராஃப்ட்ஸ்மேன். பூமியை நெடுக்காக வெட்டினால் உள்ளே எப்படி அடுக்கடுக்காக இருக்குமோ, அதைத் தாளில் வரைந்து காட்டுவது வேலை. மணல் என்றால் புள்ளி. களிமண் என்றால் சாய்வுக் கோடு. நிலக்கரி என்றால் முழுக் கறுப்பு. இந்த மூன்றும்தான் என் கலை. இப்போது கம்ப்யூட்டரில் மணலை ஒரே தட்டில் கொட்டிவிடுகிறார்கள். நான் ஒவ்வொரு புள்ளியாக வைத்தவன். அதனால் கழுத்து இன்றும் இடது பக்கம் முழுதாகத் திரும்பாது. வலது பக்கம் வருகிறவர்களோடு மட்டும் நன்றாகப் பழகுவேன்.

அந்தக் காலத்தில் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளுக்குப் பேனாவும் மையும் கொண்டு படம் போட்ட ஓவியர் ஒருவர் இருந்தார். பெயரைச் சொல்லப்போவதில்லை. என்னைப் போன்றவன் எல்லாம் ரசிகன் என்று தெரிந்தால் அவர் மரியாதை என்ன ஆவது? எனக்குள் அவரைக் கோட்டுக்காரர் என்று கூப்பிட்டுக்கொள்வேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் அவர் செய்திருக்கும் அக்கிரமம் தெரியும். மழை வரைவார், ஆனால் மழைக்கு ஒரு கோடுகூட இருக்காது. பின்னால் இருக்கும் மதிலை நெருக்கமான கோடுகளால் இருட்டாக்கிவிட்டு, இடையிடையே வெள்ளையாக விட்டிருப்பார். விட்ட இடத்தில் மழை பெய்யும். பெண்ணின் முகத்துக்கு மொத்தமே ஆறேழு கோடுகள். இடது கன்னத்தில் ஒன்றுமே கிடையாது. ஆனாலும் கன்னம் இருக்கும். நான் பல நாள் அந்தக் கன்னத்தைத் தேடியிருக்கிறேன்.

இன்னொன்றைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடமாயிற்று. அந்தப் பத்திரிகைகளின் தாள் மட்டமானது. மை பரவும். நெருக்கமாகக் கோடு போட்டால் அச்சில் எல்லாம் சேர்ந்து கரிப்பிசின் ஆகிவிடும். அவர் அதைத் தெரிந்துகொண்டு, மை எவ்வளவு பரவும் என்று கணக்குப் போட்டு, அந்த அளவுக்குக் கோடுகளைத் தள்ளித்தள்ளி வைத்திருந்தார். அதாவது, அவர் வரைந்தது பாதி. மீதியை மட்டமான தாளே வரைந்துகொள்ள வழிவிட்டிருந்தார். இதைக் கண்டுபிடித்த அன்று ஆபீஸில் எல்லோரிடமும் சொன்னேன். ஒருவர், "சாப்ட்டியா?" என்று கேட்டார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த விவாதம்.

அப்போதுதான் கல்யாணம் ஆனது. அவள் நெல்லிக்குப்பத்துப் பெண். அப்பாவுக்குச் சர்க்கரை ஆலையில் வேலை. அவளும் அவள் அக்காவும் வாராவாரம் பத்திரிகை வந்ததும் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பின்னை நெம்பி எடுத்து, மெத்தைக்கடியில் வைத்து நீவி, கதை முடிந்ததும் பண்ருட்டியில் கொடுத்து பைண்டு போடுவார்கள். அப்படி ஒரு தடித்த புத்தகம் அவளுடைய டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு மேலே வந்து இறங்கியது. கோட்டைக் காவலன் மகள் ஒருத்தியும் ஒரு தளபதியும் காதலிக்கும் கதை. படங்கள் யாருடையவை என்று சொல்ல வேண்டுமா? கோட்டுக்காரரே சீதனமாக வந்ததுபோல எனக்கு இருந்தது.

அவள் ஒரு வாரம் பிறந்த வீடு போயிருந்தபோது அரை பிளேடும் ஸ்கேலுமாக உட்கார்ந்து, இருபத்தேழு படங்களையும் வெட்டியெடுத்து, மைதா பசை காய்ச்சி, ஓர் ஆல்பத்தில் ஒட்டினேன். வெட்டு அவ்வளவு சுத்தம். ஒரு பிசிறு கிடையாது. தாளுக்குப் பின்பக்கம் என்று ஒன்று இருப்பதும், அதில் கதை ஓடிக்கொண்டிருப்பதும் கடைசிப் படம் ஒட்டிக் காய்ந்த பிறகுதான் உறைத்தது. டிராயிங் ஆபீஸில் நாங்கள் தாளின் ஒரு பக்கம்தான் வரைவோம். எங்களுக்குத் தாள் என்றால் ஒரு பக்கம்தான். இப்படி ஒரு தப்பு செய்ய ஒரு டிராஃப்ட்ஸ்மேனால்தான் முடியும்.

திரும்பி வந்தவள் புத்தகத்தைப் பிரித்தாள். கதாநாயகியின் கையை யாரோ பிடிக்கும் இடத்தில் ஒரு ஜன்னல். அதன் வழியாக என் முகம் தெரிந்தது.

"என்னாங்க இது?"

"கதைக்குக் காத்தோட்டம் வேணாமா?" என்றேன்.

இப்படிப்பட்ட இடங்களில் எனக்கு ஜோக்குதான் வரும். மன்னிப்பு வராது. அவள் சிரிக்கவில்லை, சண்டையும் போடவில்லை. ஒன்றிரண்டு வருடம் கழித்துப் புத்தகம் பரணுக்குப் போய்விட்டது. நானும் அந்தப் பக்கம் கை வைக்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

இந்த மாதக் கடைசியில் எனக்கு ரிட்டையர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அவள் எங்கள் பெண்ணுக்குப் பிரசவம் பார்க்க என்று பெங்களூர் போய் இரண்டு வருடமாகிறது. குழந்தை நடக்கிறது, பேசுகிறது, போனை வாங்கி என்னை அணைத்தும் விடுகிறது. நான் இங்கே தனியாக. ஒரு டம்ளர், ஒரு தட்டு. ஷிஃப்ட் பஸ் போகும் சத்தத்தை வைத்துச் சாப்பிடுகிறேன். பேச்சுத் துணைக்குக் குக்கர் இருக்கிறது. மூன்று வார்த்தை பேசும், அதற்குள் நிறுத்திவிட வேண்டும். தினமும் சாயங்காலம் அவள் கூப்பிடுவாள். "சாப்ட்டீங்களா? மாத்தர போட்டீங்களா? சரி, வெச்சிடட்டா?" ஒரு நிமிடம்கூட ஆகாது. நான் ஒரு ஜோக்கைத் தயார் செய்து வைத்திருப்பேன். அதைச் சொல்ல இடமே இருக்காது.

போன திங்கட்கிழமை, சாமான் கட்ட சனிக்கிழமை வருவதாகச் சொன்னாள். கூடவே, "பரண்ல அந்த பைண்டு புக்கு இருக்குதில்ல, அத மட்டும் பழைய பேப்பருக்குப் போட்டுடாதீங்க. நா எடுத்துகினு போவணும்" என்றாள்.

அன்றே முடிவு செய்தேன். அவள் வருவதற்குள் இருபத்தேழு படங்களையும் ஆல்பத்திலிருந்து பிரித்து, அந்தந்த ஜன்னலில் திரும்ப ஒட்டிவிட வேண்டும். கோட்டுக்காரர் போனால் போகட்டும். இந்த ஒன்றையாவது நேர் செய்துவிட்டு இந்த வீட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து லீவு போட்டேன். பால் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஆவியில் ஆல்பத்தின் முதல் பக்கத்தைக் காட்டினேன். ஊர் உலகத்தில் ஆவி பிடிக்க வைத்த முதல் ஓவியம் அதுவாகத்தான் இருக்கும். கோட்டைச் சாளரத்தில் விளக்கோடு காவலன் மகள் நிற்பாளே, அந்தப் படம். அரை மணி நேரத்தில் நெகிழ்ந்து வந்தது. பின்பக்கத்து எழுத்தும் மங்கலாகத் தெரிந்தது. நிலவைப் பற்றி ஒரே வர்ணனை.

பிறகு பரணில் ஏறிப் புத்தகத்தை இறக்கி, தூசி தட்டி, முதல் ஜன்னலைத் தேடினேன்.

ஜன்னல் இல்லை.

அந்த இடத்தில் அளவாக வெள்ளைத்தாள் வெட்டி ஒட்டியிருந்தது. படம் இருந்த பக்கம் வெறும் வெள்ளை. புரட்டினால், கதைப் பக்கத்தில், அவளுடைய பொடி எழுத்தில் ஊதா மை. மறந்துபோன வரிகளை ஞாபகத்திலிருந்து எழுதி அடைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். நெகிழ்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். நிலவு ஒன்றையும் காணோம்.

"அவள் சாளரத்தில் நின்றாள். எதிர் வீட்டுச் சாளரத்திலும் ஒருத்தி நின்றாள். இருவருக்கும் பேச வெட்கமாக இருந்தது. சைரன் ஊதியது."

கோட்டையில் ஏது சுரங்கத்துச் சைரன்? அடுத்த வெள்ளைத்தாளுக்குப் போனேன்.

"தளபதி ஷிஃப்ட் முடிந்து வந்தான். சாப்பிட்டான். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வேறொரு பெண்ணின் கூந்தலை ஆராய உட்கார்ந்தான்."

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "என்னா சார், யாராச்சும் வந்துகிறாங்களா?" என்று கேட்டார்கள். "இல்லம்மா, நான்தான்" என்றேன்.

சிரிப்பு நாலைந்து தாள் வரைக்கும்தான் தாங்கியது. அதன் பிறகு தளபதி வருவான், சாப்பிடுவான், உட்காருவான். அவ்வளவுதான் அவனுக்கு வேலை. காவலன் மகள் மாமரத்திடம் பேசினாள். பால்காரரிடம் வேண்டுமென்றே பால் குறைகிறது என்று சண்டைக்குப் போனாள், இரண்டு வார்த்தை கூடப் பேசலாமே என்று. பதினேழாம் தாளில் ஒரே வரி: "இன்று குக்கரோடு பேசினேன்."

மற்ற தாள்களில் எல்லாம் 'அவள்' என்றே இருக்க, இந்த ஓர் இடத்தில் மட்டும் 'நான்' வந்திருந்தது. நான் குக்கரைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது.

சாயங்காலம் வரை பொறுக்க முடியாமல் நானே கூப்பிட்டேன்.

"என்னாங்க, இந்நேரத்துல? ஒடம்புக்கு என்னா?"

"தளபதி பேசுறேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். இரண்டு வருடத்தில் போனில் நான் கேட்காத சிரிப்பு.

"இப்பத்தான் தொறந்தீங்களா? அடப் பாவமே! எழுதி வெச்சிட்டு ஒரு வருசம் பாத்துகினே இருந்தேன். தொறப்பீங்க, படிப்பீங்க, கோவம் வரும், சண்ட போடலாம்னு. நீங்க தொடவே இல்ல. அப்பறம்தான் தூக்கிப் பரண்ல போட்டேன்."

"பயந்து தொடல."

"புக்குக்கா பயந்தீங்க?"

"உனக்கு."

"எனக்கு பயந்த ஆளா அத்தன படத்த வெட்னீங்க? நல்லா இருக்குது கத."

"படத்தையெல்லாம் திரும்ப ஒட்டிடலாம்னு ஒண்ண ஆவி பிடிச்சு எடுத்துட்டேன்" என்றேன்.

"ஐயய்யோ, ஒட்டிடாதீங்க! அந்தப் பக்கம் உங்களுக்குன்னு வெள்ளையா வுட்டது."

"எனக்கா?"

"பேனா புடிக்கிறவருதான நீங்க? ஊரான் வரைஞ்ச பொண்ண அப்பிடிப் பாத்துகினு இருந்தீங்க. கட்டிகினு வந்தவள ஒரு தரம் வரையத் தோணுமான்னு பாத்தேன். இருபத்தேழு வெள்ளத்தாளுங்க. ஒண்ணுலகூடவா..." குழந்தை அழும் சத்தம் வந்தது. "வெச்சிடட்டா?" என்றாள்.

வைத்துவிட்டாள். கோட்டுக்காரர் ஒரு கன்னத்துக்கு விட்ட வெள்ளையைப் பல நாள் உட்கார்ந்து தேடியவன் நான். என் தலைக்கு மேலேயே பரணில் இருபத்தேழு வெள்ளை இருந்திருக்கிறது.

புதன்கிழமை பழைய டிராயிங் பேனாவை வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினேன். முதல் தாளில் எங்கள் குவார்ட்டர்ஸ் ஜன்னலை வரைந்தேன். கம்பிகள் பிரமாதமாக வந்தன. சுவர், வாசல் மாமரம், வேலியடி மணல் எல்லாம் கச்சிதம். மணலுக்குப் புள்ளி ஒவ்வொன்றாக வைத்தேன். ஜன்னலுக்குள் அவளை வரைய வந்தபோது பேனா நின்றுவிட்டது. இத்தனை வருடம் எதிரில் இருந்தவளின் மூக்கு எங்கே தொடங்குகிறது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கோட்டைக் காவலன் மகளின் மூக்கு என்றால் தெரியும், இவள் மூக்கு தெரியவில்லை. அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தை அப்படியே வெள்ளையாக விட்டேன். கோட்டுக்காரர் விட்ட வெள்ளை மாதிரி இல்லை அது. வெறும் ஓட்டையாகத்தான் தெரிகிறது.

இன்று வெள்ளி. சாமான் ஒன்றும் கட்டவில்லை. வரையும்போது அவள் உட்கார ஜன்னலை ஒட்டி ஒரு நாற்காலி மட்டும் போட்டு வைத்திருக்கிறேன். நாளை அவள் வந்து பார்த்துவிட்டுத் திட்டுவாள். திட்டும்போது வலது பக்கமாக நின்று திட்டினால் நல்லது. அந்தப் பக்கம்தான் கழுத்து திரும்பும்.