தாக்ஸ்டன் என்ற பெயர்

எங்கள் டன்மோர் கவுண்டி ஊர்களில் வெல்மா அக்காவின் பஸ்ஸில் ஏறாமல் பள்ளிக்கூடம் போனவர்கள் குறைவு. சண்டை போடும் பிள்ளைகளை அவள் நடுவழியில் இறக்கிவிட மாட்டாள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஹாரன் அடித்து அம்மாவை வெளியே வரவழைத்து, தெருவே கேட்கும்படி விஷயத்தைச் சொல்வாள். ஜார்ஜியா மாநிலத்து வெயிலில் அத்தனை வருடம் ஓட்டியும் அவளுடைய தொண்டை தேயவில்லை. எனக்கு அவள் பெரியப்பா மகள். நான் முடி வெட்டுகிறவன். என் கடை வாசலில் ‘தாக்ஸ்டன் சலூன்’ என்று போர்டு தொங்குகிறது. எங்கள் குடும்பப் பெயர் அது. வம்பும் அதனால்தான் வந்தது.

போன குளிர்காலத்தில் அவளுடைய தம்பி லேமுவேல் நோயில் விழுந்தான். கடைசி நாட்களில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அக்கா, என் கல்லறைக் கல்லுல தாக்ஸ்டன்னு வெட்டிராத. நம்ம ஆளுங்கள அடிமையா வச்சிருந்த வெள்ளக்காரன் பேரு அது. செத்த பெறகும் நான் அவனுக்குச் சொந்தமா கெடக்கணுமா?”

அவள் தலையாட்டினாள். வாக்குக் கொடுத்தாயிற்று. ஆனால் அந்தப் பெயர் இல்லையென்றால் வேறு எந்தப் பெயர்? ‘லேமுவேல்’ என்று மட்டும் வெட்டிய கல், கல் வெட்டுகிறவரின் முற்றத்தில் மழையில் நனைந்து கிடந்தது. தம்பியின் குழி அடையாளம் இல்லாமல் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு வரும்போதெல்லாம் அவள் சாப்பிட மாட்டாள்.

கோர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் கவுண்டி வரலாற்று அறையில் நம் பழைய பெயரைத் தேடப் போகிறேன் என்று கிளம்பினாள். அவளுக்குக் கண்ணில் புரை. திங்கட்கிழமை சலூன்களுக்கு விடுமுறை என்பதால் வண்டியோட்டி நானானேன்.

“பேர மாத்திட்டா என் போர்டுக்கு நீ பெயிண்ட் அடிச்சுத் தருவியா?” என்றேன்.

“வாய மூடிட்டு ஓட்டு. அதுல எழுத்தெல்லாம் கோணல். மாத்துனா ஊருக்கே நல்லது.”

அந்த அறையைப் பார்த்துக்கொள்கிறவர் மிஸ் கார்லீன் என்ற வெள்ளைக்கார அம்மாள். அவித்த வேர்க்கடலையைப் பையில் வைத்துக்கொண்டு யாருக்கும் தெரியாமல் தின்பார். தோலெல்லாம் தரையில் கிடக்கும். பல திங்கட்கிழமைகள் போனபின் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “மிஸ் வெல்மா, நானும் எல்லாத்தையும் பொரட்டிட்டேன். தாக்ஸ்டன்னு ஒரு பண்ணைக்காரர்கூட நம்ம கவுண்டில இருந்ததில்லயே.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லாத மனிதனையா இத்தனை காலம் திட்டினோம்?

கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் துலங்கியது. எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அப்பா ஐசம், ப்ரூயிட் என்பவரின் பண்ணையில் அடிமை. ப்ரூயிட் செத்தபோது எழுதிய சொத்து விவரத்தில், கலப்பைக்கும் கறவை மாட்டுக்கும் நடுவே, ‘ஹெஸ்டர், அவள் மகன் ஐசம்’ என்று இருந்தது. மகனைப் பண்ணையிலேயே வைத்துக்கொண்டார்கள். அம்மாவை விற்றுவிட்டார்கள். வாங்கியவன் பக்கத்து மாநிலத்து அலபாமாக்காரன். அவன் பெயர்தான் தாக்ஸ்டன்.

விடுதலை வந்ததும் அந்தப் பண்ணையில் இருந்தவர்களெல்லாம் ப்ரூயிட் என்றே பெயர் கொடுத்திருக்கிறார்கள். அடுத்து எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் ஐசம் ஒருவன் மட்டும் தாக்ஸ்டன்.

“பெத்தவள வாங்கிட்டுப் போனவன் பேர எவனாவது வச்சுக்குவானா? நம்ம பாட்டனுக்கு ரோஷமே கெடையாதா?” என்றேன். நிஜமாகவே கோபம் வந்தது.

வெல்மா அந்தச் சொத்து விவரத் தாளைக் கண்ணுக்கு அருகே தூக்கிப் பிடித்தாள்.

“அங்க அவள ஹெஸ்டர் தாக்ஸ்டன்னுதான் கூப்பிட்டிருப்பாங்க. இவனுக்கு அது தெரியும்” என்றாள் மெதுவாக. “அதான் அதே பேர இவனும் வச்சுக்கிட்டான். எங்கயாச்சும் யாராச்சும் அவகிட்ட, ‘உன் பேர்லயே ஜார்ஜியாவுல ஒருத்தன் இருக்கான்’னு சொல்லமாட்டாங்களான்னு. பொழப்பு தேடி மத்தவங்கெல்லாம் வேற எடம் போனப்ப, இவன் மட்டும் ஏன் அந்தப் பாழாப்போன பண்ண ஓரத்துலயே கெடந்தான்?”

“நீயா கத கட்டுற.”

“இருக்கலாம். மிஸ் கார்லீன், பத்து வருஷம் கழிச்சு எடுத்த கணக்கக் கொஞ்சம் எடுங்க.”

மிஸ் கார்லீன் கடலைக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு எடுத்தார். அவர்தான் வாசித்தார். ஐசம் தாக்ஸ்டன், விவசாயி. மனைவி. பிள்ளைகள். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்து எங்களைப் பார்த்துவிட்டு வாசித்தார். ஹெஸ்டர் தாக்ஸ்டன், வயது எழுபது, குடும்பத் தலைவரின் தாய்.

வந்துவிட்டாள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவன், கையில் காசில்லாமல், தபால் போட முகவரி இல்லாமல், தன் பெயரையே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். அலபாமாவிலிருந்து அவள் வந்து சேர்ந்துவிட்டாள். மூன்று பேரும் அழுதோம். எனக்கு வெட்கமாக இல்லை.

வீட்டுக்குப் போகலாம் என்றால் அக்கா கேட்கவில்லை. நேரே கல் வெட்டுகிறவரிடம் விடச் சொன்னாள்.

“லேமுவேலுக்கு வாக்குக் குடுத்தியே அக்கா?”

“அவன் வேணாம்னது அந்த வெள்ளக்காரன் பேர. இது ஹெஸ்டர் பேரு.”

கல் வெட்டுகிறவர் உளியைத் துடைத்துக்கொண்டே, எழுத்து எந்த அளவில் வேண்டும் என்று கேட்டார்.

“பெருசா வெட்டுங்க,” என்றாள் வெல்மா. “ரோட்டுல போறவங்க கண்ணுல படணும்.”