ஒரு பல் வித்தியாசம்

1991இல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் யாரும் யாரையும் லேசில் நம்பவில்லை. மே மாதம் குண்டு வெடித்ததிலிருந்து போலீஸ்காரர்கள் எங்கள் கம்பெனி பஸ்ஸை நிறுத்தி, சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறந்து பார்த்தார்கள். அந்தப் பழக்கம் எனக்கும் தொற்றிக்கொண்டது என்று சொல்லலாம். ஆனால் அது வெறும் சாக்கு. சந்தேகப் புத்தி எனக்கு முன்பே உண்டு.

நான் அங்கே ஒரு கியர் தொழிற்சாலையில் டிசைன் இன்ஜினியர். டிராக்டருக்காக நான் வரைந்த முதல் சாய்வுப் பல் கியர் அப்போதுதான் உற்பத்திக்கு வந்திருந்தது. சத்தமே இருக்காது என்று மேனேஜரிடம் அடித்துச் சொல்லியிருந்தேன். சோதனையில் பாதி கியர்கள் அப்படித்தான் ஓடின. மீதிப் பாதி ஊளையிட்டன.

இரண்டு மெஷின்களில் பல் வெட்டினோம். வெட்டியவை ஒரே தட்டில் கலந்து, பல்லைக் கடினமாக்க உலைக்குப் போகும். எது எந்த மெஷினில் வெட்டியது என்று பிரிக்க அடையாளம் கிடையாது.

இரண்டாவது மெஷினை ஓட்டியவர் வாலாஜாபாத்காரர். என் வயதுதான். நான் அருகில் போனால் பாக்கெட் நோட்டை மூடிவிடுவார். ஒருநாள் அவர் சாப்பிடப் போயிருந்தபோது மெஷினின் பக்க மூடியைத் திறந்து பார்த்தேன். பல்லின் சாய்வைத் தீர்மானிக்கும் மாற்றுச் சக்கரங்களில் ஒன்று, நான் எழுதிக் கொடுத்ததைவிட ஒரு பல் கூடுதல்.

அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் நேராக மேனேஜரிடம் போய், வேண்டுமென்றே கெடுக்கிறார் என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அவரைப் பிசிறு தேய்க்கும் மேசையில் உட்கார வைத்தார்கள். அவர் மெஷினில் என் கணக்குப்படி நானே சக்கரத்தை மாற்றினேன்.

அந்த வாரம் உலையிலிருந்து வந்த கியர்கள் அத்தனையும் ஊளையிட்டன.

இரண்டு நாள் என் கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பிறகு தேய்க்கும் மேசைக்குப் போனேன். அவர் தலை தூக்கவில்லை.

"அந்தச் சக்கரத்தை ஏன் மாத்தினீங்க?"

"இப்போ கேக்குறீங்களா சார்?" அரத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "உலைக்குப் போய் வந்தா பல்லோட சாய்வு கொஞ்சம் தளர்ந்துடுது. அதான் முன்னாடியே கூட்டி வெட்டிக்கினு இருந்தேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா இன்னா பண்ணியிருப்பீங்க? ஒரு வார்த்தை கேக்காமலே எழுதிக் குடுத்தீங்க."

அப்போதும் நான் முழுதாக நம்பவில்லை. பத்து கியர்களுக்கு நம்பர் குத்தி, உலைக்கு முன்னும் பின்னும் சாய்வை அளந்தேன். பத்திலும் தளர்ந்திருந்தது. ஏறக்குறைய அவர் கூட்டிய அளவுதான்.

மேனேஜரிடம் போய், தவறு என்னுடையது என்றேன். என் படத்தில் இரண்டு சாய்வுகளை எழுதினேன்: வெட்டும்போது ஒன்று, உலைக்குப் பின் ஒன்று. அதற்குப் பிறகு அந்தத் தொழிற்சாலையில் சாய்வுப் பல் எல்லாவற்றையும் அப்படியே வரைந்தோம். எனக்குப் பதவி உயர்வு வந்தது. அவர் தன் மெஷினுக்குத் திரும்பினார்.

உலையில் சாய்வு தளர்வதைக் கண்டுபிடித்தவர் இவர் என்று ஒரு குறிப்பு எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்க எடுத்துப்போனேன். காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"வேணாம் சார். நாளைக்கு எதுனா தப்பா போச்சுன்னா, கையெழுத்து என்னுதா கீதுல்ல."

அதில் அப்படி எந்த வில்லங்கமும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

பிறகு எந்தப் புதுப் படத்தையும் அவரிடம் காட்டாமல் நான் வெளியிட்டதில்லை. ஒவ்வொரு முறையும் பொறுமையாகப் பார்த்து, சரியான இடத்தில் விரலை வைப்பார். ஆனால் பார்க்கும் முன், என் முகத்தைப் பார்த்து ஒரே கேள்வி கேட்பார்:

"இத எங்கிட்ட காட்டச் சொன்னது யாரு சார்?"

"நானாத்தான்" என்பேன். அவர் படத்தைப் பிரித்து, முதலில் பின்பக்கத்தைப் பார்ப்பார்.