ஏசிக்குத் தாராபிஷேகம்

இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருஷம் இருக்கும். தலைப்பிரசவத்துக்கு வேங்கிக்கால் வீட்டுக்கு வந்திருந்த என் மகளுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்தது சரியாக அக்னி நட்சத்திரத்தில். பாதம் இரண்டும் பன் மாதிரி உப்பியிருந்தன. பிரஷர் ஏறியிருக்கிறது, அறை குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முந்தின நாள் மத்தியானம் கரண்ட் போனபோது, கண் இருட்டுதுப்பா என்று சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அதிலிருந்து மணிக்கு ஒரு தரம் வாசலுக்குப் போய் வெயிலைப் பார்த்துவிட்டு வந்தேன். பிரசவம் அவளுக்கா எனக்கா என்று தெருவில் சந்தேகப்படும் அளவுக்கு நடமாடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஒரே பாதுகாப்பு, ஜன்னலில் பொருத்திய ஒரு பழைய ஏசி. செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்களுக்கு அறை விடுகிற ஒருவர் கழித்துக் கட்டியது. ஓடினால் நெல் மிஷின் சத்தம். சத்தம் கேட்டால் நிம்மதி, நின்றால்தான் பயம்.

அன்று உச்சிவெயிலுக்கு முன்பே ‘டக்’ என்றது. கம்ப்ரஸர் நின்று, வெறும் காற்று மட்டும் வந்தது. குளிர் கூட்டும் திருகைக் கடைசிவரை திருப்பினேன். நிறுத்தினேன், போட்டேன், மறுபடி நிறுத்தினேன். ‘டக்.’ மெக்கானிக்குக்கு போன் போட்டால், “லாட்ஜுங்கள்லாம் எனக்காகக் காத்துக் கெடக்குது சார், நாளன்னிக்குப் பாக்கலாம்” என்றார். மகளின் மேலுதட்டில் வேர்வை பூத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. அது எப்போதும் இப்படித்தான், வேலை செய்யக்கூடாத நேரமாகப் பார்த்து வேலை செய்யும். கோயிலில் அக்னி நட்சத்திரம் முடியும்வரை லிங்கத்துக்கு மேலே ஓட்டைப் பாத்திரம் கட்டி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவார்கள். தாராபிஷேகம். எங்கள் ஊர் அக்னி மலைக்கு அதிபதியையே குளிர வைக்கிறார்கள், ஒரு தகரப் பெட்டி எம்மாத்திரம்?

மேற்குச் சந்துக்கு ஓடினேன். ஏசியின் முதுகு அங்கேதான் நீட்டிக்கொண்டிருந்தது. அதை ஒட்டி ஸ்டூலில் ஏதோ துணி மூடி இருந்தது. அதைப் பார்க்க எனக்கு ஏது நேரம்? ஈரக் கோணிச்சாக்கை எல்லாவற்றின்மேலும் போர்த்தினேன். ஓட்டைப் பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் நிரப்பி, ஜன்னலுக்கு மேலிருந்த கம்பியில் கட்டினேன். சொட்டியது. மந்திரம் மட்டும்தான் சொல்லவில்லை.

உள்ளே ஓடி ஸ்விட்சைப் போட்டேன். நெல் மிஷின் ஒரு தரம் முனகியது. ‘டக்.’ இந்த முறை காற்றே அனலாக வந்தது.

“அப்பா, மூச்சு முட்டுது” என்றாள் மகள். முகம் சிவந்து போயிருந்தது.

ஆட்டோ கூப்பிடலாமா? அந்த வெயிலில் ஆட்டோவில் ஏற்றுவதா? அதற்குள் என் மனைவி சந்தில் எட்டிப் பார்த்துவிட்டு, நேராக வந்து மெயினை அணைத்தாள்.

“சாமிக்குப் பண்றதை மெஷினுக்குப் பண்ணுவீங்களா? கரண்ட்டுல தண்ணி ஊத்தி எல்லாரையும் ஒரேயடியா அனுப்பப் பாக்குறீங்களா?”

“குளிரட்டும்னுதான்...”

“அது பின்னாடிதானே சூட்டை விடுது! அந்த அனல்லதான் நான் தெனமும் வடாம் காயவெக்கிறேன்.” சொல்லி முடித்ததும் அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ, என் வடாம்!”

குடத்தை அவிழ்த்து, சாக்கை உரித்தோம். ஸ்டூல்மேல், ஏசியின் முதுகோடு முதுகாக, அவளுடைய முறம். வடாம் திரும்பக் கூழாகியிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் சாக்கால் அடைப்பதற்கு முன்பே அவள் முறத்தால் பாதி அடைத்திருக்கிறாள். பத்துப் பொருத்தமும் பார்த்துத்தான் கல்யாணம் பண்ணினார்கள்.

“உங்க சண்டையை அப்புறம் வெச்சுக்குங்க. முன்பக்கம் இருக்கிற பில்டரைக் கழுவுனீங்களாப்பா?” என்று உள்ளேயிருந்து மகளின் குரல்.

கழற்றினால், வலை தெரியாத அளவுக்குக் கம்பளி மாதிரித் தூசி. நான் கழுவினேன். மனைவி ஏசிக்குப் பக்கத்து மேற்கு ஜன்னலில் கனத்த போர்வையை இழுத்துக் கட்டினாள். முறத்தையும் ஸ்டூலையும் நகர்த்தி, பின்பக்கத்தை ஈரம் போகத் துடைத்துவிட்டு, உடனே ஸ்விட்சுக்குக் கையை நீட்டினேன்.

“கொஞ்சம் ஆறட்டும்ப்பா. ஓடி வந்த மாட்டை உடனே ஏர்ல பூட்டுவீங்களா?” என்றாள் மகள்.

காத்திருந்தோம். மனைவி ஈரத்துண்டால் மகளின் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். மகள் வயிற்றில் கைவைத்துக் கண்ணை மூடியிருந்தாள். நான் ஸ்விட்சுக்கும் அவளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

பிறகு மெயினைப் போட்டு, திருகைப் பாதியில் வைத்து, ஸ்விட்சைத் தட்டினாள் மனைவி. முனகல். நான் பல்லைக் கடித்தேன். பிடித்துக்கொண்டது!

ஆனால் பொழுது மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது. இனிமேல்தான் மேற்குச் சூரியன் நேராக அதன் முதுகில் அடிக்கும். ஒரு கீற்றுத் தட்டி கிடைத்தது. அதைச் சாய்த்தால் மறுபடி மூச்சை அடைக்கும், தள்ளிக் கட்ட அங்கே கம்பமும் இல்லை. ஆகவே நானே கம்பமானேன். முழம் தள்ளி நின்று தட்டியைத் தலைக்குமேல் பிடித்தேன். முன்னால் வெயில், பின்னால் ஏசியின் அனல். உடம்பு இரண்டு பக்கமும் தோசையாக வெந்தது.

மனைவி மோர் கொண்டுவந்து என் வாயில் ஊற்றினாள். “உற்சவருக்குக் கொடை புடிக்கிறவரு, இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்.”

“அவ எப்படி இருக்கா?”

பதில், போர்வை கட்டிய ஜன்னலுக்குப் பின்னாலிருந்து தூக்கக் கலக்கத்தோடு வந்தது.

“அம்மா, குளுருது. போத்திக்க இன்னா இருக்கு?”

“அந்தக் கோணிச்சாக்கைக் குடு” என்றேன். மோர் மூக்கில் ஏறியது. தட்டியை மட்டும் விடவில்லை.